கயித்த எப்ப விடணும்னு சொல்லிக்குடுத்தவங்க

எங்க மேடம் தவறிட்டாங்க. வயசாயிருந்துச்சு, உடம்பும் ரொம்ப நாளா முடியாமத்தான் இருந்துச்சு, இருந்தாலும் மனசு ஏத்துக்க மாட்டேங்குது. சின்ன வயசுல லாயத்துல வேலைக்குச் சேர்ந்து கடைசி வரைக்கும் குதிரைங்க கூடவே இருந்தவங்க, அடங்காது, ஆகாதுன்னு மத்தவங்க கைவிட்ட குதிரைங்களையெல்லாம் மனுஷங்களை நம்ப வச்சவங்க. இப்ப அவங்களைப் பத்திப் பேசுற எல்லாரும் "அவங்க கைல ஏதோ இருந்துச்சுப்பா", "குதிரைங்க பாஷை அவங்களுக்குத் தெரியும்", "அது ஒரு வரம்"னு சொல்றாங்க. அன்புலதான் சொல்றாங்க, ஆனா அவங்ககிட்ட வருஷக்கணக்கா வேலை கத்துக்கிட்ட ஆளா எனக்கு அது ஒப்பல. வரம்னு சொல்லிட்டா அவங்களோட சேர்ந்து அதுவும் போயிடுச்சுன்னு ஆயிடும். அவங்க செஞ்சது அத்தனையும் பார்த்துப் பழகக்கூடிய வேலை, பொறுமையா தினமும் செஞ்சா யாருக்கும் கைவரும், அதை அவங்களே எங்ககிட்ட திரும்பத் திரும்ப சொல்லியிருக்காங்க. அதனால எனக்கு ஞாபகம் இருக்கிறதை எழுதி வச்சிடுறேன், குதிரை வச்சிருக்கிறவங்களுக்கும் புதுசா கத்துக்கிறவங்களுக்கும் உதவும்.

முதல்ல அவங்க முறையோட அடிப்படை. குதிரைகிட்ட நாம பேசுறது பெரும்பாலும் அழுத்தத்தாலதான், கயித்த லேசா இழுக்கிறோம், காலால விலாவைத் தொடுறோம், இல்லன்னா அது பக்கத்துல ஒரு அடி எடுத்து வைக்கிறோம். ஆனா குதிரை கத்துக்கிறது அந்த அழுத்தத்துல இல்ல, அதை நிறுத்துற நொடியில. நின்ன குதிரையை ஒரு அடி முன்னாடி வரச்சொல்லி கயித்த இழுக்கிறீங்க, அது காலைத் தூக்கின அந்த நொடியே கயித்தத் தளர்த்தினா "ஓ, இதைத்தான் கேட்டாங்களா"ன்னு அதுக்குப் புரியும், ரெண்டு செகண்டு தள்ளித் தளர்த்தினா அதுக்குள்ள அது தலையை ஆட்டியிருக்கும், காதைத் திருப்பியிருக்கும், எதுக்காக விட்டாங்கன்னு அதுக்குத் தெரியாது. மைதானத்துல அவங்க குரல்ல அதிகமா கேட்டது "விடு", "இப்ப விடு", "லேட்டு"ங்கிற மூணுதான். புதுசா வர்றவங்க எல்லாரும் எப்படி இழுக்கிறதுன்னுதான் கேப்பாங்க, அவங்க வாரக்கணக்கா விடுறதை மட்டும் பழக்குவாங்க, அதுவும் குதிரை இல்லாம, ஒருத்தர் கண்ணை மூடிக்கிட்டு கயித்தப் புடிச்சுக்கணும் இன்னொருத்தர் இழுத்து விடணும், எப்ப விட்டாங்கன்னு புடிச்சவர் சொல்லணும். இதை நீங்களும் வீட்டுலயே ஒருத்தரை வச்சு செஞ்சு பாருங்க, விடுறதுல நாம எவ்வளவு மெதுவுன்னு அப்பதான் தெரியும்.

இது நிஜமா எப்படி வேலை செய்யும்னு ஒரு பெட்டைக் குதிரையை வச்சு சொல்றேன். செம்பழுப்பு நிறம், நல்ல கட்டான உடம்பு, ஆனா பின்னங்காலைத் தொட விடாது. லாடம் அடிக்கிறவரை உதைச்சிருக்கு, அதுக்கப்புறம் நாலு பேர் சேர்ந்து கயிறு போட்டுக் கட்டி காலைத் தூக்கியிருக்காங்க, அதனால இன்னும் மோசமாகி எங்ககிட்ட வந்துச்சு. குளம்பு வளர்ந்து ஓரம் பிளந்துருந்துச்சு. மேடம் முதல் நாள் காலைத் தொடவே இல்ல. ஒரு நீளமான கழி, அதோட நுனியில பஞ்சு அடைச்ச பழைய கையுறை, அவ்வளவுதான். தோள்பட்டை பக்கம் நின்னுக்கிட்டு அந்தக் கையுறையால முதுகு, இடுப்பு, தொடைன்னு மெதுவா தடவிக்கிட்டே வருவாங்க. அது காலை உதறினா கையுறையை எடுக்க மாட்டாங்க, அழுத்தவும் மாட்டாங்க, அப்படியே அந்த எடத்துலயே வச்சிருப்பாங்க, அது உதறுறதை நிறுத்தி ஒரு மூச்சு விட்டதும் டக்குனு எடுத்துடுவாங்க. ஏன்னா உதறும்போது எடுத்தா, உதறினா போயிடுவாங்கன்னு அது கத்துக்கும், அதைத்தான் முன்னாடி எல்லாரும் தெரியாமலே கத்துக்குடுத்திருக்காங்க.

ரெண்டாவது வாரம் கையால தொட்டாங்க. மூட்டுக்குக் கீழ கை போனதும் அது எடையை அடுத்த காலுக்கு மாத்துச்சு, குளம்பு தரையை விட்டுக் கிளம்பக்கூட இல்ல, அதுக்கே கையை எடுத்துட்டு கழுத்துல சொறிஞ்சு விட்டு அன்னைக்கு வேலையை முடிச்சிட்டாங்க. பாத்துக்கிட்டிருந்த ஒருத்தர் "அவ்வளவுதானா?"ன்னு கேட்டார். "நாம கேட்டதை அது குடுத்துடுச்சுங்க, அதுக்கு மேல இன்னைக்குக் கேட்டா பேராசை"ன்னாங்க. அப்புறம் கால் அரை அடி தூக்குச்சு, அப்புறம் முழுசா. இதுல இன்னொரு விஷயம் கவனிங்க, தூக்கின காலை அவங்க ஒருநாளும் தொப்புனு போட மாட்டாங்க, கூடவே குனிஞ்சு தரையில கொண்டுபோய் வைப்பாங்க, அதுவும் குதிரை இழுக்கிறதுக்கு முன்னாடியே. அது இழுத்து நாம விட்டா அது ஒரு பாடம், நாமளே வச்சா அது வேற பாடம். லாடம் அடிக்கிறவர் மறுபடி வந்தப்ப அந்தக் குதிரை நாலு காலையும் குடுத்துட்டு தலையைத் தொங்கப்போட்டு நின்னுச்சு, அவர் நம்பாம அவங்களைத் திரும்பித் திரும்பிப் பாத்தார்.

எந்தக் குதிரையா இருந்தாலும் பக்கத்துல போற விதத்துலயே பாதி வேலை முடிஞ்சிடும்னு சொல்லுவாங்க. குதிரைக்குக் கண்ணு ரெண்டு பக்கமும் இருக்கிறதால கிட்டத்தட்ட 350 டிகிரி பாக்கும், ஆனா நெத்திக்கு நேர் முன்னாடி கொஞ்ச எடமும் வாலுக்கு நேர் பின்னாடியும் தெரியாது. அதனால தோள்பட்டையைப் பாத்து சாய்வா வரணும், வரும்போதே குரல் குடுக்கணும், மூஞ்சிக்கு நேரா கையை நீட்டக்கூடாது. பின்பக்கமா சுத்திப் போகணும்னா ஒண்ணு இடுப்புல கை வச்சுக்கிட்டு ஒட்டிப் போங்க, இல்ல உதை எட்டாத தூரத்துல போங்க, நடுவுலதான் ஆபத்து. கயித்த எக்காரணத்துக்கும் கைல சுத்திக்காதீங்க, குதிரை ஓடினா விரலும் சேர்ந்து போகும். கட்டும்போது ஒரு இழுப்புல அவிழுற முடிச்சுதான் போடணும். இதையெல்லாம் தெரிஞ்ச விஷயம்தானேன்னு நினைப்போம், அவங்க நாப்பது வருஷம் வேலை பாத்தவங்களையும் கயித்த எப்படிப் புடிச்சிருக்காங்கன்னு பாத்துக்கிட்டே இருப்பாங்க.

பொதுவா எல்லாரும் இடதுபக்கமாவே நின்னு சேணம் போட்டு இடதுபக்கமாவே ஏறுவாங்க. பழைய காலத்துல சிப்பாய்ங்களுக்கு வாள் இடதுபக்கம் தொங்கினதால அப்படி ஏறி வந்த பழக்கம்னு சொல்லுவாங்க. வாள் போயிடுச்சு, பழக்கம் போகல. மேடம் எல்லாத்தையும் ரெண்டு பக்கமும் பழக்குவாங்க, ஏறுறது, எறங்குறது, கூட்டிட்டு நடக்கிறது எல்லாமே. இடதுகண்ணால பாத்துப் பழகின குடை வலதுகண்ணு பக்கம் வரும்போது பல குதிரை புதுசா பாத்த மாதிரி மிரளும், அதனால ஒரு பக்கம் பழகிடுச்சுன்னு நம்பி இன்னொரு பக்கம் அலட்சியமா இருக்காதீங்க. அப்புறம் ஏறுறதுக்கு எப்பவும் ஒரு படி வச்சுக்கோங்க. தரையில இருந்து அங்கவடியில, அதாவது சேணத்துல தொங்குற கால் வளையத்துல, கால் வச்சு எம்பி ஏறினா சேணம் முதுகெலும்பு மேல ஒரு பக்கமா இழுக்கும், நமக்கு ஒரு நொடி, குதிரைக்கு தினமும் வலி.

புதுசா சேர்றவங்க எல்லாருக்கும் அவங்க ஹான்ஸ் கதையைச் சொல்லுவாங்க. 1900களோட ஆரம்பத்துல பெர்லின்ல கணக்குப் போடுற குதிரைன்னு பேர் வாங்கினது அது. கூட்டல் கேட்டா குளம்பால தட்டி சரியான விடை சொல்லும். ஏமாத்து வேலையான்னு 1904ல ஒரு குழு போட்டுப் பாத்தாங்க, எதுவும் புடிபடல. அப்புறம் ஆஸ்கர் ஃபங்ஸ்ட்ங்கிற ஆராய்ச்சியாளர் பொறுமையா சோதிச்சு 1907ல விஷயத்தை வெளியிட்டார், கேள்வி கேக்கிறவருக்கே விடை தெரியலன்னா ஹான்ஸுக்கும் தெரியல, கேக்கிறவர் அதோட கண்ணுல படலன்னாலும் தெரியல. சரியான எண்ணிக்கை வந்ததும் கேக்கிறவர் தனக்கே தெரியாம தலையையும் முகத்தையும் லேசா அசைச்சிருக்கார், அதைப் பாத்துதான் அது தட்டுறதை நிறுத்தியிருக்கு. எல்லாரும் இந்தக் கதையைக் கேட்டுட்டு "அப்ப அதுக்கு கணக்கு தெரியாதா"ன்னு ஏமாந்து போவாங்க, மேடம் மட்டும் கண்ணு பளபளக்க சொல்லுவாங்க, "கணக்கு பெருசா, இது பெருசா? ஒரு மனுஷனுக்கே தெரியாத அசைவை அது படிச்சிருக்குடா!"

அதனால லாயத்துக்குள்ள நுழையும்போது நாம எப்படி இருக்கோங்கிறதுல அவங்க ரொம்பக் கண்டிப்பு. வீட்டுல சண்டை போட்டுட்டு மூஞ்சியை இறுக்கி வச்சுக்கிட்டு வந்தா குதிரையைத் தொட விடமாட்டாங்க, திட்டவும் மாட்டாங்க, "நீ இன்னைக்கு லத்தி அள்ளு கண்ணு, நாளைக்கு சவாரி பாத்துக்கலாம்"னு துடைப்பத்தைக் கைல குடுத்துடுவாங்க. கதவைத் திறக்கிறதுக்கு முன்னாடி ஒரு நீளமான மூச்சு வெளிய விடணும், தோளை எறக்கணும், முழங்கை தளர்வா இருக்கணும். மூச்சைப் புடிச்சுக்கிட்டு குதிரை மேல உக்காந்தீங்கன்னா அதோட முதுகும் இறுகுறதை நீங்களே உணரலாம்.

இப்ப நான் முக்கியமா நினைக்கிற விஷயத்துக்கு வர்றேன். குதிரை அடம் புடிக்குது, திமிரு காட்டுதுன்னு யாராவது கொண்டு வந்தா அவங்க முதல்ல பயிற்சியைப் பத்திப் பேசவே மாட்டாங்க, சேணத்தைக் கழட்டச் சொல்லுவாங்க. ஒரு தடவை மேல ஏறினாலே முதுகை வளைச்சுத் துள்ளுற குதிரை ஒண்ணு வந்துச்சு, சாட்டையடி தழும்பு இருந்துச்சு. அதை இருபது நிமிஷம் சவாரி பண்ண வச்சுட்டு சேணத்தைக் கழட்டி முதுகைப் பாக்கச் சொன்னாங்க. முதுகு முழுக்க வேர்வை, பிடரி முடியிற எடத்துக்குப் பின்னாடி மட்டும் ரெண்டு பக்கமும் உள்ளங்கை அளவுக்கு காஞ்ச திட்டு, அந்த எடத்துல முடியும் வெள்ளையா முளைச்சிருந்துச்சு. அங்க சேணம் அழுத்தி அழுத்தி வேர்க்கவே இல்ல, வெள்ளை முடி வந்திருக்குன்னா ரொம்ப நாளா அழுத்தியிருக்குன்னு அர்த்தம். விரலால லேசா அமுக்கினதும் குதிரை வயித்தை எறக்கிக்கிட்டு கீழ போச்சு. "இது துள்ளுதுன்னு அடிச்சிருக்கீங்க. வலிக்குதுன்னு இதைத் தவிர அது எப்படிங்க சொல்லும்?"னு அவங்க கேட்டப்ப குரல் நடுங்குச்சு. அகலமான சேணம் மாத்தி, சில மாசம் முதுகுக்கு ஓய்வு குடுத்து, மறுபடி முதல்லேர்ந்து பழக்கினதும் அந்தக் குதிரை குழந்தைங்களை ஏத்திக்கிட்டுப் போச்சு.

அதனால உங்க குதிரை திடீர்னு குணம் மாறினா இந்த வரிசையில பாருங்க: சேணம், முதுகு, பல்லு, குளம்பு, அப்புறம் வயிறு. கடைவாய்ப் பல்லு ஓரம் கூர்மையாகி கன்னத்தைக் கிழிச்சாலும் குதிரை கடிவாளத்துக்குத் தலையை ஆட்டும், வருஷத்துக்கு ஒரு தடவையாவது டாக்டரை வச்சு பல்லைப் பாருங்க. மூக்குப்பட்டையை இறுக்கிக் கட்டி வாயை மூடி வைக்கிறதை அவங்க கண்ணால பாக்க மாட்டாங்க, மூக்கெலும்பு மேல ரெண்டு விரல் தாராளமா போகணும். குளம்பை தினமும் குதிகால் பக்கத்துலேர்ந்து நுனி பக்கமா சுத்தம் பண்ணணும், கெட்ட வாடை அடிச்சா அழுகல் ஆரம்பிச்சிருக்கு, 6லேர்ந்து 8 வாரத்துக்கு ஒரு தடவை சீவி விடணும்.

காலையில அவங்க லாயத்தைச் சுத்தி வர்றது ஒரு பாடம். முதல்ல லத்தியைப் பாப்பாங்க, எத்தனை குவியல், உருண்டையா இருக்கா இளகியிருக்கா. அப்புறம் தண்ணி எவ்வளவு குறைஞ்சிருக்கு, புல்லு மிச்சம் இருக்கா. அப்புறம் நாலு காலையும் மேலேர்ந்து கீழ தடவுவாங்க, ஒரு காலை அடுத்த காலோட ஒப்பிட்டு சூடோ வீக்கமோ இருக்கான்னு. ஈறு இளஞ்சிவப்பா ஈரமா இருக்கணும், விரலால அமுக்கி எடுத்தா ரெண்டு செகண்டுக்குள்ள நிறம் திரும்பணும். சும்மா நிக்கிற வளர்ந்த குதிரைக்கு நாடி நிமிஷத்துக்கு 28லேர்ந்து 44, மூச்சு 8லேர்ந்து 16, உடம்புச் சூடு 37.5லேர்ந்து 38.5 டிகிரி செல்சியஸ். இது பொதுவான கணக்கு, உங்க குதிரைக்கு எது வழக்கம்னு அது நல்லா இருக்கும்போதே எழுதி வச்சாத்தான் முடியாம போற அன்னைக்கு வித்தியாசம் தெரியும்.

வயித்துவலிக்கு அவங்க பயந்த மாதிரி வேற எதுக்கும் பயந்து நான் பாத்ததில்ல. குதிரையால வாந்தி எடுக்க முடியாது, வயிறு உடம்புக்கு ரொம்பச் சின்னது, 8லேர்ந்து 15 லிட்டர்தான், அதுல அமிலம் நாள் முழுக்கச் சுரந்துக்கிட்டே இருக்கும். அதனால நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமா புல்லு கடிச்சுக்கிட்டே இருக்கணும், தானியத்தை ஒரே வேளையில கொட்டக்கூடாது, தீவனம் மாத்துறதா இருந்தா 7லேர்ந்து 10 நாள்ல மெதுவா மாத்தணும். முன்னங்காலால தரையைக் கிளறுறது, விலாவைத் திரும்பித் திரும்பிப் பாக்கிறது, படுத்துப் புரளுறது, லத்தி போடாம இருக்கிறது, காரணமில்லாம வேர்க்கிறது, இதுல எது தெரிஞ்சாலும் தீவனத்தை எடுத்துட்டு உடனே டாக்டரைக் கூப்பிடுங்க. புரள விடாம மெதுவா நடத்தலாம், ஆனா களைச்சுப்போற அளவுக்கு நடத்தாதீங்க, கையில இருக்கிற மருந்தை நீங்களா ஊத்தாதீங்க. காலையில பாத்துக்கலாம்னு அவங்க ஒருநாளும் சொன்னதில்ல, ராத்திரி எந்நேரமா இருந்தாலும் சால்வையைப் போத்திக்கிட்டு வந்து நின்னுடுவாங்க.

பணத்துக்காக அவசரப்படாதவங்க. ரெண்டு வயசுக் குட்டியைக் கொண்டு வந்து சீக்கிரம் சவாரிக்குத் தயார் பண்ணிக் குடுங்கன்னு கேட்டவங்க எத்தனையோ பேர், எல்லாரையும் திருப்பி அனுப்பினாங்க. குதிரைக்கு முதுகெலும்பு முழுசா முதிர 5 வயசுக்கு மேல ஆயிடும், பாக்க வளர்ந்த மாதிரி இருக்கும், உள்ள எலும்பு இன்னும் வளர்ந்துக்கிட்டிருக்கும். குட்டிக்கு நடக்க, நிக்க, பின்னாடி போக, கால் குடுக்க, தனியா நின்னு பழக, இதுதான் பாடம், அதுவும் சின்னச் சின்ன நேரம். ஒரே நாள்ல குதிரையை அடக்கிக் காட்டுறேன்னு கூட்டம் சேக்கிறவங்களைப் பத்தி அவங்களுக்கு இருந்த கருத்து எனக்கும் இருக்கு. பயந்து உறைஞ்சு போய் நிக்கிற குதிரையைக் காட்டி பழகிடுச்சுன்னு சொல்றது அநியாயம். கண்ணு விரிஞ்சு, வாய் இறுகி, மூச்சு மேலாப்ல ஓடுதா, அது பழகல, தப்பிக்க வழியில்லன்னு முடிவு பண்ணியிருக்கு. தலை தாழ்ந்து, கண்ணு மேல சுருக்கம் போய், நாக்கால வாயை நக்கி மென்னு, ஒரு பின்னங்காலைத் தளர்த்தி நிக்கிறதா, அப்ப நிறுத்திக்கலாம்.

கடைசிக் காலத்துல முழங்கால் ரெண்டும் போயிடுச்சு, குதிரை மேல ஏற முடியல. அதுக்காக அவங்க சோர்ந்து உக்காரல, டென்மார்க்ல லிஸ் ஹார்டெல்னு ஒருத்தங்க இருந்தாங்கன்னு சொல்லுவாங்க. 1944ல போலியோ வந்து முழங்காலுக்குக் கீழ கால் செயலிழந்து போனவங்க, குதிரை மேல ஏறவும் எறங்கவும் ஆள் துணை வேணும், ஆனா 1952 ஹெல்சின்கி ஒலிம்பிக்ஸ்ல டிரெஸ்ஸாஜ்ங்கிற, குதிரையை நுணுக்கமா நடத்திக் காட்டுற போட்டியில ஜூபிலிங்கிற பெண் குதிரையோட வெள்ளி வாங்கினாங்க. அந்த வருஷம்தான் பொம்பளைங்களை முதல் தடவையா அந்தப் போட்டியில ஆம்பளைங்களோட சேர்ந்து கலந்துக்க விட்டாங்க, அதுக்கு முன்னாடி ஆம்பளைங்களுக்கு மட்டும்தான், பெரும்பாலும் ராணுவ அதிகாரிங்க. 1956லயும் அவங்களுக்கு வெள்ளிதான். கீழ்க்காலால எதுவும் சொல்ல முடியாத ஒருத்தங்க உக்கார்ற விதத்தாலயும் எடையாலயும் மட்டும் குதிரைகிட்ட பேசியிருக்காங்க, அப்ப நமக்கெல்லாம் ரெண்டு காலும், குதிகால்ல மாட்டிக்கிட்டு குதிரையைக் குத்துற குதிமுள்ளும் எதுக்குன்னு மேடம் கேப்பாங்க. மைதானத்து நடுவுல ஒரு நாற்காலி போட்டு உக்காந்துக்கிட்டு, நீளக் கயித்துல குதிரையைச் சுத்தவிட்டு, உடம்பை ஒரு பக்கம் லேசா திருப்பினா அது நடையை மாத்தும். சுத்துறதும் நீளமா இழுக்க மாட்டாங்க, ஒரே வட்டத்துல ஓடினா மூட்டுக்கு ஆகாதுன்னு ரெண்டு பக்கமும் சேர்த்து இருபது நிமிஷத்துக்குள்ள முடிச்சிடுவாங்க.

வயசான குதிரைங்க விஷயத்துலயும் அவங்க யாரையும் தட்டிக் கழிக்க விட்டதில்ல. எழுந்து நிக்க முடியாம, வலி மருந்துக்கும் அடங்காம போன குதிரையை இன்னும் கொஞ்ச நாள்னு இழுக்கிறது நம்ம ஆறுதலுக்காகத்தான்னு நேராவே சொல்லிடுவாங்க. தானா சாப்பிடுதா, படுத்தா எழுந்திருக்குதா, மத்த குதிரைங்க பக்கம் போகுதா, இந்த மூணையும் தினமும் குறிச்சு வைங்க, நல்ல நாளை விட கெட்ட நாள் கூடிப்போனா டாக்டரோட உக்காந்து பேசுங்கன்னு சொல்லுவாங்க. டாக்டர் ஊசி போடுற அன்னைக்கு வேற யாரையும் கயித்தப் புடிக்க விடமாட்டாங்க, தோள்பட்டை பக்கம் நின்னு கழுத்துல சொறிஞ்சு விட்டுக்கிட்டே இருப்பாங்க, அது முடிஞ்சதுக்கப்புறம்தான் அழுவாங்க, நல்லாவே அழுவாங்க.

அவங்க நோட்டுப் புத்தகங்க இப்ப எங்ககிட்டதான் இருக்கு. ஒவ்வொரு குதிரைக்கும் ஒரு நோட்டு, ஒவ்வொரு பக்கத்துலயும் தேதி, சூடு, நாடி, லத்தி, தீவனம், கால், அன்னைக்கு என்ன கேட்டோம், குதிரை எதைக் குடுத்துச்சு, எங்க நிறுத்தினோம். எத்தனை நிமிஷம் வேலை வாங்கினோம்ங்கிறதுக்கு தனியா ஒரு கட்டம், அதுல பெரும்பாலும் 15, 20ன்னுதான் இருக்கு. புதுசா குதிரை எடுக்கிறவங்க இதே மாதிரி ஒரு நோட்டு போட்டு முதல் மாசம் சவாரியைப் பத்தி யோசிக்காம இதை மட்டும் எழுதிக்கிட்டு வாங்க, எழுதுறதுல ஏதாவது புரியலன்னா கேளுங்க, அவங்க நோட்டைப் பாத்து எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன்.